எட்டு வருஷம் கழித்து வந்த பில்: பழைய டெஸ்லா மாடல் எஸ் கார்களின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து கொஞ்சம் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னிக்கு ஒரு வெடிச் சத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

2021 டிசம்பர் மாதம். பின்லாந்தின் தெற்கே யாலா என்று ஒரு கிராமம். பனி மூடிய ஒரு குவாரிக்குள் 2013 மாடல் டெஸ்லா மாடல் எஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதில் 30 கிலோ டைனமைட்டைக் கட்டுகிறார்கள். உள்ளே எலான் மஸ்க் முகத்தோடு ஒரு பொம்மை. எல்லோரும் தூரமாகப் போய் நின்றுகொண்ட பிறகு, டமால். அந்த வீடியோவை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. பார்த்து சிரிச்சும் இருப்பீங்க.

அந்த ஓனர் சொன்ன கதை இதுதான். முதல் 1,500 கிலோமீட்டர் கார் அருமையாக ஓடியது. அப்புறம் திரையில் எர்ரர் கோடுகள் வர ஆரம்பித்தன. இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். கிட்டத்தட்ட ஒரு மாதம் அங்கேயே கிடந்தது. கடைசியில், முழு பேட்டரியையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, குறைந்தது 20,000 யூரோ ஆகும் என்று பதில் வந்தது. அன்றைய கணக்கில் சுமார் 17 லட்சம் ரூபாய். பழைய கார் ஒன்றுக்கு அவ்வளவு செலவு செய்வதைவிட வெடிக்கவிட்டே பார்த்துடலாம்னு முடிவு பண்ணிட்டார்.

வீடியோ வந்த வாரம் இணையத்தில் ரெண்டு கட்சி. "எலக்ட்ரிக் கார்னாலே இப்படித்தான், பேட்டரி போச்சுன்னா கார் குப்பை" என்பது ஒரு கட்சி. "நல்ல காரை விளம்பரத்துக்காக நாசம் பண்ணிட்டான்" என்பது இன்னொன்று. எனக்கு அப்போது வேறு ரெண்டு கேள்விகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காரில் உண்மையில் என்ன உடைந்தது? அது ஏன் சரியாக 2021-இல் நடந்தது? அந்த ரெண்டாவது கேள்விக்கு விடை ரொம்ப சிம்பிள். 2013-உடன் எட்டைக் கூட்டிப் பாருங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற கதை அவ்வளவு சிம்பிள் இல்லை.

2012 ஜூன் 22. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் தொழிற்சாலையில் முதல் மாடல் எஸ் கார்கள் வாடிக்கையாளர்கள் கைக்குப் போயின. அதற்கு முன்னால் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலை அது. மாடல் எஸ் வருவதற்கு முன்பு எலக்ட்ரிக் கார் என்றால் சின்னதாக, மெதுவாக, பார்க்கவே பாவமாக இருக்கும் என்பதுதான் பொதுவான எண்ணம். இது பெரிய செடான். நடுவில் 17 அங்குல டச் ஸ்க்ரீன். பக்கத்தில் போனால் தானாக வெளியே வரும் கதவுக் கைப்பிடிகள். 2012 நவம்பரில் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை இதை 2013-க்கான சிறந்த காராக அறிவித்தது. 2013 மே மாதம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 100-க்கு 99 மதிப்பெண் கொடுத்தது. 2015 ஆகஸ்டில் அவர்களே பி85டி என்ற வகையைச் சோதித்துவிட்டு 103 கொடுத்தார்கள். ஆமாங்க, 100-க்கு 103. அப்புறம் அளவுகோலையே திருத்தி அதை 100 ஆக்க வேண்டியதாயிற்று.

ரெண்டே மாதம். 2015 அக்டோபரில் அதே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், சுமார் 1,400 ஓனர்கள் அனுப்பிய பதில்களை வைத்து, நம்பகத்தன்மையில் இந்தக் கார் சராசரிக்கும் கீழே என்று சொல்லி, தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. டிரைவ் யூனிட், சார்ஜிங் கருவிகள், நடுத் திரை, கதவுக் கைப்பிடி, சன்ரூஃப் ஒழுகல் என்று புகார்ப் பட்டியல் நீளமாக இருந்தது. டெஸ்லா பங்கு அன்றைக்கு விழுந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அதே ஓனர்களிடம், மறுபடியும் இந்தக் காரையே வாங்குவீர்களா என்று கேட்டபோது 97 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். கார் அடிக்கடி ரிப்பேர், ஆனாலும் ஓனர் சந்தோஷமாக இருக்கிறார். எப்படி? ஏன்னா அவர் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை. எல்லாம் வாரண்டி. சில ஊர்களில் கம்பெனி ஆட்களே வேனில் வந்து வீட்டு வாசலில் சரிசெய்துவிட்டுப் போனார்கள். கார் உள்ளே போனால் ஓட்டுவதற்கு மாற்றுக் கார். அந்தக் காலத்தில் உடைந்த பாகங்களின் செலவு எங்கேயும் தெரியவில்லை. தெரியவில்லையே தவிர, இல்லை என்று சொல்ல முடியாது.

டெஸ்லூப் என்று தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் இருந்தது. டெஸ்லா கார்களை ஊர்விட்டு ஊர் போகும் டாக்ஸி மாதிரி ஓட்டியது. அவர்களுடைய மாடல் எஸ் ஒன்று 2017-இல் 3,00,000 மைல் தாண்டியது, பராமரிப்புச் செலவு 11,000 டாலருக்குள்தான் என்று செய்தி வந்தது. இன்றைக்கும் எலக்ட்ரிக் கார் விவாதங்களில் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனா அந்தக் காரின் பேட்டரி 1,94,000 மைல் வாக்கில் மாற்றப்பட்டது. வாரண்டியில், இலவசமாக. அதனால் அந்த 11,000-க்குள் அது வரவே இல்லை.

அப்போ வாரண்டி என்னன்னு பார்த்துடுவோம், ஏன்னா மொத்தக் கதையும் அதுலதான் தொங்குது. முழுக் காருக்கும் 4 வருடம் அல்லது 50,000 மைல். பேட்டரிக்கு 8 வருடம்; 85 கிலோவாட் மணி பேட்டரி இருந்தால் மைல் கணக்கே இல்லை. 2014 ஆகஸ்டில் எலான் மஸ்க் ஒரு அறிவிப்பு வெளியிட்டார்: டிரைவ் யூனிட்டுக்கும் அதே 8 வருடம், மைல் வரம்பு இல்லை, கார் எத்தனை கை மாறினாலும் செல்லும், ஏற்கனவே விற்ற கார்களுக்கும் சேர்த்து. முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்ற பொருளில் அவரே எழுதினார்.

கேட்க தாராள மனசு மாதிரி இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது. ஆரம்பகால கார்களில் மோட்டார் பக்கத்திலிருந்து மாவு மில் ஓடுவது போல ஒரு உறுமல் வரும் என்று ஓனர்கள் புகார் செய்துகொண்டிருந்தார்கள். எட்மண்ட்ஸ் இணையதளம் நீண்டகாலச் சோதனைக்காக வாங்கிய மாடல் எஸ்ஸில் டிரைவ் யூனிட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றினார்கள். டிரைவ் யூனிட் என்பது மோட்டார், கியர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பொட்டலமாகப் பின் அச்சில் உட்கார்ந்திருப்பது. பேரிங்கில் தேய்மானம் என்றாலும் சர்வீஸ் சென்டர் பொட்டலத்தைத் திறக்காது. முழுசாகக் கழற்றி, வேறொன்றை மாட்டி அனுப்பிவிடும். வாரண்டிக் காலத்தில் ரொம்ப வசதியான ஏற்பாடு. காலையில் விட்டா சாயங்காலம் கார் ரெடி.

உறுமலைவிட மோசமான ஒன்று சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பெரிய டிரைவ் யூனிட்டில், சுற்றுகிற ரோட்டரைக் குளிர்விக்க அதன் தண்டுக்குள்ளேயே கூலன்ட் பாய்கிறது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் ஒரு தண்டுக்கும், அசையாமல் நிற்கும் ஒரு குழாய்க்கும் நடுவில் கூலன்ட்டைத் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் சீல். வருடங்கள் போகப் போக சீல் தேயும். கூலன்ட் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்கும், அங்கிருந்து இன்வெர்ட்டர் வரை போகும். உயர் மின்னழுத்தம் ஓடும் எலக்ட்ரானிக்ஸுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். வெளியே தரையில் ஒரு சொட்டுகூட விழாது என்பதால் ஓனருக்குத் தெரியாது. கடைசியில் ஒரு நாள் காரை ஓட்ட முடியாது என்று திரையில் எழுத்து வரும்.

தனியார் மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். மோட்டாரின் ஸ்பீடு சென்சாரைக் கழற்றிப் பார்ப்பது. ஈரமாக வந்தால் சீல் போய்விட்டது. சீலின் விலை அற்பம். ஆனால் அதற்காக மாற்றப்படும் டிரைவ் யூனிட் பல ஆயிரம் டாலர். பிற்பாடு சில கடைகள் யூனிட்டைத் திறந்து சீலையும் பேரிங்கையும் மட்டும் மாற்ற ஆரம்பித்தன. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ரோட்டருக்குள் கூலன்ட் போகும் வழியையே அடைத்துவிட்டார்கள்.

கதவுக் கைப்பிடியும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிடறேன். உள்ளே நகம் அளவு மைக்ரோஸ்விட்ச் ஒன்று, நூல் மாதிரி வயர்கள், ஒரு சின்ன கியர். ஒவ்வொரு முறை கைப்பிடி வெளியே வந்து உள்ளே போகும்போதும் வயர் வளையும். ஒரு நாள் அறும். முழுக் கைப்பிடியை மாற்றினால் கதவுக்குப் பல நூறு டாலர், அப்புறம் நாலு கதவு இருக்கு. பார்க்க ஸ்டைலாக இருக்கட்டும் என்று வைத்த பொருள் மழை நாளில் உங்களை வெளியிலேயே நிறுத்திவைக்கும்.

சரி, இப்போ எனக்குப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன். மென்பொருள் வேலை பார்க்கிறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

அந்த 17 அங்குலத் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருந்தது. என்விடியா டெக்ரா 3 ப்ராசஸர், லினக்ஸ், நிரந்தரச் சேமிப்புக்கு 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி சிப் ஒன்று. போனில் இருப்பது போன்ற சிப்தான். ஃப்ளாஷ் மெமரிக்கு ஆயுள் எழுத்தில் கணக்கிடப்படும். இந்தச் சிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் சுமார் 3,000 முறை அழித்து எழுதலாம். அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது. இந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்துகொண்டிருந்தது? லாக் எழுதிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க.

சர்வர் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். போய்ப் பார்த்தால் யாரோ டீபக் லாக்கை அணைக்க மறந்திருப்பார்கள், டிஸ்க் நிரம்பி வழிந்திருக்கும். அங்கே பழைய ஃபைலை அழித்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். காருக்குள் பலகையோடு சேர்த்து சால்டர் செய்த சிப்பில் அது நடக்காது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சிப்பின் முழுக் கொள்ளளவையும் ஒரு நாளைக்கு ஒன்றரை முறை அழித்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 3,000 முறை தீர 2,000 நாள். ஐந்தரை வருடம். முழுக் காரின் வாரண்டி 4 வருடம்னு முன்னாடி சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. மென்பொருள் அப்டேட் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியதாக வந்தது. 8 ஜிபியில் அது அதிக இடம் பிடிக்கப் பிடிக்க, லாக் எழுத மிச்சமிருக்கும் இடம் சுருங்கும். அதே கட்டங்கள் திரும்பத் திரும்ப அடிவாங்கும். காரை வருஷா வருஷம் புதுசாக்குகிறோம் என்று பெருமையாகச் சொன்ன அதே அப்டேட்கள் சிப்பின் ஆயுளைக் குறைத்தும் வந்தன.

சிப் சாகும்போது முதலில் திரை மந்தமாகும். பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஒரு நாள் கறுப்பாகவே நின்றுவிடும். கார் ஓடும். ஆனால் ரியர் கேமரா இருக்காது, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியை இயக்க முடியாது, இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் சத்தம் வராது. சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்த கார்களுக்கு முழுப் பலகையையும் மாற்றச் சொல்லி 2,000 டாலரைத் தொட்ட பில்கள் வந்தன. தனியார் நிபுணர்கள் அந்த ஒரு சிப்பை மட்டும் எடுத்துவிட்டு, பெரிய கொள்ளளவு சிப்பைச் சில நூறு டாலருக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பழைய சிப் முழுசாகச் சாவதற்கு முன்னால் அதிலிருப்பதை நகலெடுத்தாக வேண்டும். அந்தக் காருக்கே உரிய ரகசியச் சாவிகள் அதற்குள்தான் இருக்கின்றன. போயிட்டா போயிட்டதுதான்.

2020 ஜூனில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. அதில் வெளிவந்த ஒரு தகவல் எனக்கு இன்னும் ஆச்சரியம். இந்த யூனிட்கள் எல்லாமே ஒரு நாள் பழுதாகத்தான் போகின்றன என்பதை டெஸ்லாவே ஒப்புக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டிய எண்ணிக்கை 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், 2028 வாக்கில் ஏறத்தாழ எல்லாமே மாற்றப்பட்டிருக்கும் என்று ஒரு கணிப்பையும் கொடுத்திருந்தது. இப்படிப்பட்ட பாகம் காரின் முழு ஆயுளுக்கும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளாதார ரீதியில் சாத்தியமில்லை என்பது கம்பெனியின் வாதம். குறைந்தது பத்து வருடமாவது உழைக்க வேண்டும் என்பது அரசின் பக்கம். 2021 ஜனவரியில் அரசு ரீகால் செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. பிப்ரவரியில் 1,34,951 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை டெஸ்லா ரீகால் செய்தது. 8 ஜிபி பலகைக்குப் பதில் 64 ஜிபி, இலவசம். முன்பே சொந்தக் காசில் சரிசெய்தவர்கள் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

இந்த ரீகால் நடக்க ஒரே காரணம் ரியர் கேமராவும் பனி நீக்கியும் பாதுகாப்பு விஷயங்கள் என்பதுதான். அந்தச் சிப் பாட்டு, மேப் மட்டும் கையாளும் சிப்பாக இருந்திருந்தால் எந்த அரசும் தலையிட்டிருக்காது என்பது என் கணிப்பு.

இப்போ பேட்டரி. பின்லாந்துக்காரர் காரில் எந்தப் பாகம் போனதுன்னு வெளியே யாரும் திறந்து காட்டவில்லை. ஆனால் அந்த வயதுக் கார்களில் பொதுவாக என்ன போகிறது என்பது திறந்து பார்த்த கடைக்காரர்களால் நல்லாவே தெரியும்.

85 கிலோவாட் மணி பேட்டரிக்குள் பானசோனிக் தயாரித்த 7,104 சின்ன செல்கள். பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிய உருளைகள். 444 செல்கள் சேர்ந்து ஒரு மாட்யூல், மொத்தம் 16 மாட்யூல். இந்த 7,104-இல் ஒரு சில செல்கள் மோசமானாலோ, கண்காணிக்கும் பலகையில் ஒரு இணைப்பு அரித்தாலோ, பேட்டரி மேலாண்மைக் கம்ப்யூட்டர் உஷாராகி சார்ஜைக் குறைத்துவிடும். பிஎம்எஸ் யூ 029 என்று ஒரு எர்ரர் கோடு உண்டு, பழைய மாடல் எஸ் ஓனர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

ஈரம் உள்ளே போவதற்கு ஒரு வழி இருந்தது. ஏசி ஓடும்போது கீழே சொட்டும் தண்ணீர், பேட்டரியின் முன்பக்கம் ஃபியூஸை மூடியிருக்கும் சின்ன உலோக மூடியின் மேல் விழும். வருடக்கணக்கில் சொட்டினால் மூடி துருப்பிடிக்கும், ஓட்டை விழும். அவ்வளவுதான். பல கோடி டாலர் ஆராய்ச்சியில் உருவான பேட்டரிக்குள் ஏசித் தண்ணீர். நம்ம வீட்டு ஜன்னல் ஏசி பக்கத்து வீட்டு சுவரை நனைச்சா சண்டை வரும். இங்கே கார் தன்னைத்தானே நனைச்சுக்குது.

சர்வீஸ் சென்டரைப் பொறுத்தவரை பேட்டரி என்பது ஒரே ஒரு பாகம். ஒரு செல் போனாலும் 7,104-ஐயும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் க்ரூபர் மோட்டார் கம்பெனி என்ற தனியார் கடை 2021-இல் ஒரு மாடல் எஸ்ஸை வீடியோவில் காட்டியது. டெஸ்லாவில் சொன்ன தொகை 22,500 டாலர். இவர்கள் பேட்டரியைத் திறந்து, பழுதைத் தேடி, சுமார் 5,000 டாலரில் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் இன்னொரு கடை, இந்த முறை மாடல் 3 கார். சாலையில் கிடந்த எதுவோ இடித்து, பேட்டரிக்குக் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் முனை உடைந்துபோச்சு. சர்வீஸ் சென்டர் சொன்னது 16,000 டாலர், முழு பேட்டரி. கடைக்காரர்கள் உடைந்த இடத்தில் மரை போட்டு ஒரு பித்தளை இணைப்பை மாட்டினார்கள். 700 டாலர்.

கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனா மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். மாட்யூலை மட்டும் மாற்றும் ரிப்பேர்களை விமர்சிக்கும் பேட்டரி நிபுணர்களும் உண்டு. எட்டு வருடம் உழைத்த 15 மாட்யூல்களுக்கு நடுவில் வேறொரு காரிலிருந்து வந்த ஒன்றைப் போட்டால், அதன் கொள்ளளவு மற்றவற்றோடு பொருந்தாது. கொஞ்ச மாதத்தில் அதே எர்ரர் திரும்பி வரலாம். டெஸ்லா கொடுக்கும் மாற்று பேட்டரிக்கு 4 வருடம் அல்லது 50,000 மைல் வாரண்டி வரும். 5,000 டாலர் ரிப்பேருக்கு அந்த நிம்மதி கிடைக்காது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. என் கோபம் வேறு இடத்தில்: 5,000-க்கும் 22,500-க்கும் நடுவில் எதைத் தேர்வு செய்வது என்று ஓனர் யோசிக்கும் வாய்ப்பே பெரும்பாலான ஊர்களில் இல்லை. திறக்கத் தெரிந்த கடைகள் அமெரிக்கா முழுக்கவே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன.

அது ஏன் என்பதற்கும் வரலாறு இருக்கு. 2012-இல், மாடல் எஸ் வெளிவந்த அதே கோடையில், மாசசூசெட்ஸ் மாநிலம் வாகனங்களுக்கான ரிப்பேர் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டீலருக்குக் கிடைக்கும் கருவியும் தகவலும் தெருவோர மெக்கானிக்குக்கும் விலைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் சாரம். ஆனால் காரிலிருந்து கம்பியில்லாமல் நேராகக் கம்பெனிக்குப் போகும் தகவல்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு கொடுத்தது. டெஸ்லாவின் வேலையே பெரும்பாலும் அந்த வழியில்தான் நடந்தது. சர்வீஸ் கையேடுகளை மாசசூசெட்ஸ் கார்களுக்கு மட்டும், அதுவும் சந்தா கட்டினால் மட்டும் பார்க்கலாம் என்ற நிலை பல வருடம் நீடித்தது.

அந்த மாசசூசெட்ஸில்தான் ரிச் பெனாய் இருந்தார். ரிச் ரீபில்ட்ஸ் யூடியூப் சேனல் நடத்துபவர், பகலில் ஐடி வேலை. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு மாடல் எஸ்ஸை ஏலத்தில் எடுத்தார். பாகம் கேட்டால் கம்பெனி விற்க மறுத்தது. இன்னொரு விபத்துக் காரை வாங்கி, அதிலிருந்து பாகங்களைப் பிடுங்கி, ரெண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார். மிச்சப் பாகங்களை விற்ற பிறகு கணக்குப் பார்த்தால் அவர் கையிலிருந்து போனது சுமார் 6,500 டாலர்தான். பிறகு பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் சிலரோடு சேர்ந்து எலக்ட்ரிஃபைட் கராஜ் என்ற கடையைத் திறந்தார். மேலே சொன்ன 700 டாலர் பித்தளை இணைப்பு அந்தக் கடையின் வேலைதான்.

2020 நவம்பரில் மாசசூசெட்ஸ் மக்கள் அந்தக் கம்பியில்லாத் தகவல் ஓட்டையை அடைக்க வாக்களித்தார்கள். நான்கில் மூன்று பேர் ஆதரவு. கார் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2023 மார்ச்சில் டெஸ்லா ஓனர்கள் சிலர், ரிப்பேரிலும் பாகங்களிலும் கம்பெனி ஏகபோகம் வைத்திருக்கிறது என்று சான் பிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார்கள். முதலில் தள்ளுபடியானது, திருத்தித் தாக்கல் செய்த வழக்கு தொடரலாம் என்று 2024 ஜூனில் நீதிபதி சொன்னார்.

நடுவில் ரெண்டு சம்பவங்களை வேகமா சொல்லிடறேன், ஏன்னா ரெண்டும் செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. 2019-இல் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் மாடல் எஸ் கார்கள் தீப்பிடித்த பிறகு ஒரு அப்டேட் வந்தது. சில பழைய கார்களின் அதிகபட்ச சார்ஜ் மின்னழுத்தம் குறைக்கப்பட்டது. தூங்கி எழுந்து பார்த்தால் காரின் தூரம் குறைந்திருக்கிறது. வழக்கு போட்டு, 2021-இல் 1,743 கார்களின் ஓனர்களுக்குத் தலா 625 டாலர் கிடைத்தது. அடுத்தது, டெஸ்லாவின் ஏலத்தில் ஒரு டீலர் எடுத்து விற்ற பழைய மாடல் எஸ். வாங்கும்போது ஆட்டோபைலட் வசதிகள் பட்டியலில் இருந்தன. 8,000 டாலர் மதிப்பு. முதல் ஓனருக்கு அது தவறாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லி கம்பெனி தூரத்திலிருந்தே நீக்கிவிட்டது. 2020 பிப்ரவரியில் பத்திரிகையில் வந்த பிறகு திரும்பக் கொடுத்தார்கள். கராஜில் பூட்டி வைத்த காரிலிருந்து பாகம் காணாமல் போவது அதற்கு முன்னால் யாரும் கேள்விப்படாத விஷயம்.

பழைய பென்ஸ் எஸ் கிளாஸ் வாங்கினாலும் ஏர் சஸ்பென்ஷன் போனா இதே மாதிரி பில் வரும்தானேன்னு கேட்பீங்க. வரும். சொகுசுக் கார் விலை குறையும், அதன் பாகங்களின் விலை குறையாது. ஆனால் பழைய பென்ஸுக்கு அமெரிக்காவின் எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் இருக்கிறார், பழைய பாகம் கிடைக்கிறது, பில் மூன்று தவணையில் மூன்று ரிப்பேராக வரும். மாடல் எஸ்ஸில் அது ஒரே நாளில், ஒரே தொகையாக, காரின் விலையைவிட அதிகமாக வருகிறது. அதுவும் புதுசில் ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவருக்கு அது வரவில்லை. அவர் வாரண்டிக்குள் ஓட்டிவிட்டு விற்றுவிட்டார். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சேர்த்து வைத்து வாங்கிய மூன்றாவது ஓனருக்கு வருகிறது.

அமெரிக்காவில் இருக்கிற நண்பர்கள் அப்பப்போ ஒரு லிங்க் அனுப்புவாங்க. 2014 மாடல் எஸ், 15,000 டாலருக்கும் கீழே, இது வாங்கலாமா? நான் திருப்பிக் கேட்பது கொஞ்சம் கேள்விகள்தான். கார் முதல்ல எந்தத் தேதியில பதிவாச்சு? 8 வருஷக் கணக்கு அந்தக் காலத்திலிருந்துதான் ஓடியது. பேட்டரி ஏற்கனவே மாற்றியிருந்தால் எந்த மாதம், காகிதம் இருக்கா? மெமரி சிப் ரீகால் முடிஞ்சுதா? வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பீடு சென்சாரைக் கழற்றிப் பார்க்க விற்கிறவர் சம்மதிப்பாரா? ஃபியூஸ் மூடி துருவில்லாமல் இருக்கா? 90 சதவீதத்துக்கு மேல சார்ஜ் ஏறுதா, ஒரு நாள் ராத்திரி போட்டுப் பார்த்தீங்களா? கடைசியா, கார் நின்னு போனா இழுவை வண்டியில் போகக்கூடிய தூரத்தில், பேட்டரியைத் திறக்கத் தெரிந்த ஒரு கடை உங்க ஊர்ல இருக்கா?

போன மாதம் ஒரு நண்பர் எல்லாத்துக்கும் பதில் அனுப்பினார். கடைசிக் கேள்விக்கு மட்டும், பக்கத்து மாநிலத்தில் ஒன்று இருக்கு, ஆறு மணி நேரம் என்றார். இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.